மூட்டைக்குப் பின்னால் அண்ணி

தண்டலத்தில் துவரம்பருப்பு மூட்டைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது எங்கள் தெரு சைக்கிள் கடைக்காரர் வந்து நின்றார். "ஒன் கடைய சாத்திட்டாங்கப்பா. அண்ணி போய்ட்டாங்க," என்றார். ரசத்தை இறக்கி மூடிவிட்டு, நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்த என் அண்ணி கௌரி அப்புறம் எழுந்திருக்கவில்லை.

என் கடைக்கு வரும் உங்களில் பலர் அவர் முகத்தைப் பார்த்ததில்லை, குரலைக் கேட்டிருப்பீர்கள். ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே உள்ள எங்கள் வீட்டின் முன்னறைதான் என் மளிகைக்கடை. கடைக்கும் அடுப்படிக்கும் நடுவே ஒரு கம்பி ஜன்னல். ஒன்பது வருடத்துக்கு முன்பு கடை போட்டபோது அந்த ஜன்னலை மறைத்து அரிசி மூட்டைகளை அடுக்கியவன் நான். பின்கதவைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். கூரையில் பதித்த ஒரு கண்ணாடி ஓடுதான் அவருக்கு வெளிச்சம்.

ஒருமுறை பென்னலூர் அம்மா ஒருவர் சண்டைக்கு வந்தார். "இன்னா பருப்பு குட்த்த அண்ணே? ஆறு விசில் வுட்டும் கல்லாட்டம் கீது." நான் வாய் திறக்கும் முன்பே மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து அண்ணி கேட்டார்: "புளியும் உப்பும் பருப்போடவே போட்டியாம்மா?"

அந்த அம்மா பின்வாங்கினார். "அய்ய, மூட்ட பேசுது."

"பேசும், பேசும். அரை மணி ஊற வை. வெந்தப்புறம் புளி, உப்பு. மூணு விசில் போதும்."

மறுவாரம் அவரே இன்னும் இரண்டு பெண்களோடு வந்து மூட்டையைப் பார்த்துச் சந்தேகம் கேட்டார். வாங்கிய அன்றே வறுத்து வைத்தால் ரவையில் வண்டு வராது. வெண்டைக்காயைக் கழுவித் துடைத்த பிறகுதான் நறுக்க வேண்டும். ரசம் நுரை கூடியதும் இறக்கிவிட வேண்டும். கேட்க வந்தவர்கள் சரக்கும் வாங்கினார்கள். எனக்கு அதில் லாபம்தான்.

கைமணத்தைப் புகழ்ந்தால் அண்ணிக்குப் பிடிக்காது. "ருசிக்கோசரமா சொல்றேன்? இந்த எடத்த வுட்டு சீக்கிரம் வெளிய வர்றதுக்குப்பா," என்பார். எங்கே வந்தார்? அண்ணனுக்குக் கம்பெனியில் மாறி மாறி ஷிப்ட். எனக்குக் கடை ஓய்ந்த நேரத்தில் சோறு. ஸ்டவ் ஆறுவதற்குள் எங்களில் அடுத்தவர் பசியோடு வந்து நிற்பார்.

போன வருடம், தொண்ணூற்றொன்று பொங்கலுக்கு முன்பு கேட்டார். "தம்பி, ஒரு வரிச மூட்டைய நகத்தேன். பஸ்ஸு வர்றது போறதையாவது பாக்கறேன்."

"பண்டிகை சரக்கு எறங்கட்டும் அண்ணி."

"ஒனக்கு எந்த மாசம் பண்டிகை இல்ல?" என்று சிரித்தார். மூட்டைகளுக்கு வேறு இடம் இருந்தது. எனக்குச் சோம்பல், அவ்வளவுதான்.

காரியம் முடிந்த மறுநாள் மேல் வரிசையை இறக்கினேன். ஜன்னலுக்கு நேரே, இரண்டு மூட்டைகளுக்கு நடுவே, உடைந்த அகப்பையின் காம்பு ஒன்று செருகியிருந்தது. அது தாங்கி நின்ற சந்து இரண்டு விரல் அகலம். அந்த இடத்தில் மூட்டைகள் விலகுவதை எலியின் வேலை என்று நினைத்து, எத்தனையோ முறை நானே இடித்து நெருக்கியிருக்கிறேன், பொறிகூட வைத்தேன். மற்றதை அப்படியே விட்டுவிட்டு அடுப்படிக்குள் போய், அவர் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். பஸ்ஸின் படிக்கட்டும் ஏறுகிறவர்களின் கால்களும் மட்டும் தெரிந்தன.

மூட்டைகள் இப்போது எதிர்ச் சுவரோரம் இருக்கின்றன. பருப்பு வாங்குகிறவர்களிடம், புளியும் உப்பும் வெந்தபிறகு என்று சொல்கிறேன். அண்ணி சொன்னது என்றும் சொல்கிறேன். அந்தக் காம்பை என் கல்லாவில் வைத்திருக்கிறேன்.