வெறும் மருந்துப் போத்தல்

இன்று பின்னேரம் எங்கள் தேவாலயத்தில் குடும்பங்களுக்கு ஒரு போட்டி. அயலவரோடு பழக வேண்டும் என்று போதகர் ஏற்பாடு செய்தது. சீட்டில் எழுதியிருக்கும் பொருட்களை வீடு வீடாகக் கேட்டு வாங்கி வர வேண்டும்.

நெசவு நூலும் பழைய அரிசிக் கூப்பன் புத்தக மட்டையும் கிடைத்துவிட்டன. மிச்சம் ஒரு வெறும் மருந்துப் போத்தல்தான்.

மகளையும் இழுத்துக்கொண்டு, பின்வேலிக்கு அப்பால் இருக்கும் முஸ்லிம் வீட்டுக்கு ஓடினேன். ஏழு வருடமாக அயல். அந்த வாசலை மிதித்தது இன்றுதான்.

வெள்ளைச் சேலை உடுத்த பெண் ஒருத்தி கதவைப் பாதி திறந்தாள். சிரித்துக்கொண்டே கேட்டேன்.

உள்ளே போய் ஒரு கூடை நிறையப் போத்தல்களோடு வந்தாள்.

"எத்தின வேணும் புள்ள? எங்கட ஊட்டுக்காரர் மௌத்தாகிப் பதினாறு நாள். இனி இது ஆருக்கு?"

"எங்களுக்குத் தெரியாதே" என்றேன்.

"ராவெல்லாம் இருமினாரே. நீங்க ஜன்னல் சாத்துற சத்தம் எங்களுக்குக் கேட்டிச்சு."

ஒரு போத்தலை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

முதல் பரிசு எங்களுக்குத்தான். அயலவரோடு நன்றாகப் பழகும் குடும்பம் என்று போதகர் எல்லார் முன்னிலையிலும் புகழ்ந்தார். நானும் எழுந்து போய் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் பெண்ணின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. உங்கள் பின்வேலிக்கு அப்பால் இருப்பவரின் பெயர் உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?