முனிரத்தினத்தின் ஐந்தாம் இடம்

1974 நவம்பர் 17, ஞாயிறு. வழக்கம்போல் மாலை ஐந்தரைக்கு மன்றத்தைத் திறந்து, ஸ்னூக்கர் மேசையின் பச்சைத் துணியைத் துடைத்தேன். திருத்தணி ஆட்டக்காரர்களின் தரவரிசையை எழுதுவது என் பொறுப்பு. முதல் நால்வருக்குத்தான் சென்னைப் போட்டியில் இடம்.

பொதட்டூர்பேட்டை நெசவாளர் முனிரத்தினம் ஐந்தாவது. வாராவாரம் முதல் ஆட்டத்தை அழகாக வென்று, அடுத்த இரண்டையும் அவசரமாக அடித்துத் தோற்பார். அன்றும் அப்படியே. ஏன் என்று அறியும் ஆவலில் கேட்டே விட்டேன்.

“ஏழரைக்குக் கடைசி பஸ்சுங்க. கடியாரத்தப் பாத்துகினே எப்படி அடிக்கிறது?”

“முன்னமே சொல்லக்கூடாதா?”

“நீங்க கேக்கலியே சார். ஆட்டம் ஆறு மணிக்குன்னு எழுதி ஒட்டினதே நீங்கதானே.”

என் பகல் தூக்கத்துக்குத் தோதாக வைத்த நேரம் அது. திறமை என்று நான் வரிசைப்படுத்தியதில் பாதி, யார் வீடு அருகில் என்பதுதான்.

மறுநாள் காலை முதல் வேலையாக, மீதமிருந்த ஞாயிறு ஆட்டங்களைக் காலை பத்துக்கு மாற்றி எழுதி ஒட்டினேன்.