அழுகைப் பாட்டுக்குக் கிடைத்த கைதட்டல்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இன்று வரும் உறவினர், நண்பர் கைகளில் கொடுக்க அவரைப் பற்றி எழுதச் சொன்னார் மதினி. எட்டாம் வகுப்போடு நின்று ஊர் ஊராகத் திரிந்தவன் நான். தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

அண்ணன் நாகர்கோவிலுக்குத் தெற்கே பிறந்தார். அப்பா இறந்ததும் மூட்டை தூக்கத் திருவனந்தபுரம் வந்தார். வலியசாலையில் ஒரே அறை, மழைக்கு ஒழுகும். குடி கிடையாது. பகலில் மூட்டை தூக்கிக்கொண்டே ஒரு மலையாள நாடகக் குழுவில் சேர்ந்து சின்ன வேடங்கள் போட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் பெரிய வேடம் ஒன்று கிடைத்தது. மகனைக் கடலுக்குப் பறிகொடுத்த விழிஞ்ஞத்துக் கிழவன். கரையில் நின்று ஒப்பாரி பாட வேண்டும். கோயில் திருவிழா மேடையில், தமிழ் வாடை அடிக்கும் தமது மலையாளத்தில் அண்ணன் உருகிப் பாடினார். கூட்டம் சிரித்தது. விசிலடித்து மறுபடியும் பாடச் சொன்னது. குழுக்காரர் அதைக் கேசட்டாகப் போட்டார். அப்புறம் கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினாலும் அந்தப் பாட்டு, கல்யாண வீட்டிலும் அந்தப் பாட்டு.

ஊர் சுற்றித் திரும்பிய ஒருமுறை அந்தப் பாட்டைப் பற்றி அண்ணனிடம் கேட்டேன். அவர் சொன்னார்:

“நான் அழ அழ சிரிக்கானுவ டே. இன்னும் அழுதா இன்னும் சிரிக்கானுவ. ஒண்ணும் விளங்கல்ல.”

“பேரு கிடைச்சாச்சுல்லா, பின்ன என்ன?”

“பேரு கிடக்கட்டும். ஒருத்தனாவது அந்தப் பாட்டுக்கு அழணும் டே.”

மகளைக் கல்லூரிக்கு அனுப்பியதும் அந்தப் பாட்டுதான். அதனால் அதை விடவும் அவரால் முடியவில்லை.

கடைசியில் சிறுநீரகம் கெட்டு ஆஸ்பத்திரியில் கிடந்தார். பக்கத்துக் கட்டில் ஆட்டோக்காரர், “அண்ணாச்சி, ஒரு தவண பாடணே, வேதன மறக்கட்டே” என்று மலையாளத்தில் ஒருமுறை பாடச் சொன்னார். அண்ணன் பாடினார். வார்டே சிரித்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். அது வருத்தமா, சந்தோஷமா, எனக்குப் பிடிபடவில்லை.

அண்ணன் இறந்த அன்று, உடலை எடுப்பதற்கு முன் அந்தப் பாட்டை ஒருமுறை பாடலாமா என்று நாடகக்காரர்கள் கேட்டார்கள்.

“வேண்டாம் கொழுந்தனாரே, இங்கயும் சிரிச்சிருவாவ” என்றார் மதினி. அண்ணனின் ஆசையைச் சொன்னேன். தலையசைத்தார்.

அவர்களுடைய பாடகர் சுத்தமான மலையாளத்தில் அருமையாகப் பாடினார். யாரும் சிரிக்கவில்லை. அழவும் இல்லை. ரேடியோ கேட்பதுபோல் நின்றார்கள்.

“சேட்டா, அப்பா இப்படிப் பாட மாட்டாவ” என்று பாடகரிடம் சொல்லி எழுந்தாள் அண்ணன் மகள். அப்பாவின் மலையாளத்திலேயே பாடினாள். வாசலில் யாரோ சிரித்தார்கள். மதினியும் சிரித்துவிட்டார். சிரித்த வாய் அப்படியே கோணி அலறினார். துக்கத்துக்கு வந்திருந்த ஆட்டோக்காரர்கள் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள். எதை மறைத்தார்கள்? அண்ணன் ஆசைப்பட்டது அவருக்குக் கிடைத்ததா? இன்றுவரை எனக்குத் தெளிவில்லை.

ரத்தம் கொடுத்தவர்கள், ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டு வந்த பக்கத்து வீட்டு அக்கா, பாடையைத் தோளில் தாங்கியவர்கள், எல்லோருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. வாசலில் முதலில் சிரித்தவர் யாரென்று தெரியவில்லை. அவருக்கும்தான்.