நான் கேட்டது வந்து நான்கு நாளாகியிருந்தது

அன்பான சகோதரிகளே, எனக்கு எழுத்துக் கூட்டித்தான் எழுத வரும். ஆனாலும் இதைப் பிறத்தியார் கையில் கொடுக்க மனம் வரவில்லை. நானே எழுதுகிறேன்.

போன ஐப்பசியில் என் மருமகளுக்கு நாள் தள்ளிப்போயிருந்தது. கிணத்துக்கடவில் பஸ் ஏறி, கோயம்புத்தூர் போய் ஸ்கேன் எடுத்தோம். முதல் பிள்ளைக்குச் செய்த ஆபரேஷன் தழும்பிலேயே இந்தக் கரு ஒட்டியிருக்கிறது, விட்டால் கர்ப்பப்பை கிழிந்து உயிருக்கே ஆபத்து என்றார் டாக்டரம்மா. ஊசி போட்டார்கள். பிறகு கருவை எடுத்தார்கள். அவள் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள். அழக்கூட இல்லை.

"வாரா வாரம் ரத்தம் பாக்க வந்திருங்க. மாதவிலக்கு ஒழுங்கா வந்துருச்சுன்னா உடம்பு தேறுதுன்னு அர்த்தம்" என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டில் நாங்கள் இரண்டே பேர். என் மகன் காங்கேயத்தில் எண்ணெய் மில்லில் வேலை, சனிக்கிழமைதான் வருவான். குழந்தையை அவள் அம்மா வீட்டில் விட்டிருந்தோம். அவளும் பேசமாட்டாள், நானும் பேசமாட்டேன்.

ஒரு வாரம் போனது. ஒரு மாதம் போனது. வாரா வாரம் ரத்தம் பார்த்தும் மாதவிலக்கு மட்டும் வரவில்லை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். ஞானஸ்நானம் எடுத்து நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும், எங்கள் வீட்டில் வீட்டுக்குத் தூரமானவள் புறக்கடை அறையில்தான் மூன்று நாள் இருக்க வேண்டும். அடுப்பைத் தொடக்கூடாது. என் மாமியார் எனக்குச் செய்தது, நான் இவளுக்குச் செய்தேன். எங்கள் சபை ஐயருக்குக்கூட இது தெரியாது. அப்படி ஒதுக்கிவைத்த அதையே "தாரும் ஆண்டவரே" என்று எந்த வாயால் கேட்பது?

வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டத்தில் ஒரு சகோதரி கேட்டாள். "ஏனுங் பெரியம்மா, மருமவ ரெண்டு மாசமா வாரதே இல்லீங்ளே? ஏதாச்சும் விசேசமுங்களா?" பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"காச்சலுங்" என்றேன்.

ஜெபிக்கிற இடத்திலேயே பொய். என் கௌரவம் அப்படி. அத்தனை பேர் நடுவில் உட்கார்ந்தும் எனக்கு யாருமில்லை. வீட்டுக்கு வந்து மாட்டுக்கொட்டகையில் முழங்கால் போட்டேன். அன்றைக்குத்தான் மாதவிலக்கு என்று அதன் பேரைச் சொல்லிக் கேட்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. பத்து நாள் அப்படியே கேட்டேன்.

பதினோராம் நாள் மத்தியானம், சோறு போட்டுக்கொண்டிருந்தவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன கண்ணு பண்ணுது?"

"ஒண்ணுமில்லீங்த்தை."

"நெசத்தச் சொல்லு அம்மிணி."

தலையைக் குனிந்துகொண்டாள். "வந்து நாலு நாளாச்சுங்த்தை."

"அடிப் பாவி! ஏன் சொல்லுல?"

"சொன்னா பொறக்கடை ரூமுக்குப் போகோணுமில்லீங்... இந்த ஒடம்போட அங்க தனியாப் படுக்கப் பயமா இருந்துச்சுங்."

நான்கு நாளாக அவள் கையால்தான் சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. என் ஜெபத்துக்குப் பதில் வந்து என் வீட்டிலேயே இருந்திருக்கிறது. என்னிடம் சொல்லத்தான் அவளுக்குப் பயம்.

வலி தணிந்து அவள் நிமிர்ந்ததும், அவள் போட்ட சோற்றைப் பிசைந்து சாப்பிட்டேன். அவளுக்கும் ஒரு தட்டில் போட்டு என் பக்கத்திலேயே உட்காரவைத்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில் காட்டினோம். ரத்தத்தில் கர்ப்பத்தின் அறிகுறி முழுதும் இறங்கிவிட்டது, உதிரப்போக்கும் சரியாகத்தான் இருக்கிறது என்றார் டாக்டரம்மா. அடுத்த மாதமும் நாள் தவறாமல் வந்தது. அந்தப் புறக்கடை அறையில் இப்போது தேங்காய் மட்டை கிடக்கிறது.

ஆஸ்பத்திரி போய்வந்த அந்த வார வெள்ளிக்கிழமையே ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று, காய்ச்சல் என்று சொன்னது பொய் என்றேன். நடந்ததைச் சொன்னேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை. அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் வாசல்வரை கூடவே வந்து, தங்கள் வீட்டிலும் அப்படி ஓர் அறை இருப்பதாக என் காதோடு சொன்னார்கள்.

சகோதரிகளே, உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு வந்த நோவை அதன் பேரைச் சொல்லியே ஆண்டவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து போய் அவளிடமும் கேளுங்கள். நான் அதைத்தான் செய்யாமல் இருந்தேன்.