இட்லி ஆவியில் உரிந்த சட்டை

கல்லூரியில் விலங்கியல் படித்தபோது, தாராவியில் எங்கள் ஒற்றை அறையில் ஒரு மண்ணுளிப் பாம்பை வளர்த்தேன். விஷமில்லாத சாது. அந்த டிசம்பரில் காற்று வறண்டுபோனதால் அதன் சட்டை பாதி உரிந்து நின்றுவிட்டது. கண்களின் மேல் பழைய தோல் ஒட்டியிருந்தது. கையால் பிய்த்தால் கண்ணே போய்விடும்.

"நல்லெண்ணெய தேச்சு விடுலே," என்றாள் அம்மா. வியாபாரத்துக்கு இட்லி அவித்துக்கொண்டிருந்தாள். எல்லாக் கோளாறுக்கும் அவளிடம் அதுதான் மருந்து.

"எண்ணெய் ஆகாதும்மா. ஈரக்காத்துதான் வேணும்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"அதான் இங்க ஆவியா போகுதே. பாம்புப் பெட்டியக் கொண்டா. மூடி தொறந்துச்சுன்னா, நீயும் பாம்பும் ரெண்டு பேரும் வெளிய."

பாம்பு வாடிக்கையாளர் கண்ணில் பட்டால் பிழைப்பு போய்விடும். அது தெரிந்தும் இடம் கொடுத்தாள். பெட்டிக்குள் ஈரச்சாக்கை விரித்து, சூடு படாத தூரத்தில் வைத்தேன். மறுநாள் காலையில் சாக்கில் சட்டை முழுதாகக் கிடந்தது, கண்களை மூடியிருந்த தோலோடு.

அம்மா தள்ளி நின்றே எட்டிப் பார்த்தாள்.

"அதுக்குக் கண்ணு தெரியுதா?"

"எப்படிக் கண்டுபிடிக்கன்னு தெரியலையேம்மா."

கரண்டியைப் பெட்டிக்கு நேராக மெல்ல ஆட்டினாள். பாம்பு தலையை இழுத்துக்கொண்டது.

"தெரியுது," என்று சொல்லிவிட்டு மாவு ஊற்றப் போனாள்.