பக்கத்து இருக்கைப் பேச்சு

ஹைதராபாத்தில் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே, கொண்டாப்பூருக்கு வீடு மாறியபோது மனதில் ஒரு கணக்கு இருந்தது. குகட்பள்ளியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய்வரும் நேரம் முழுவதும் மிச்சமாகும். அதில் பாட்டு எழுதலாம்.

சிக்கந்தராபாத்தில் எங்கள் தமிழ்ச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. கிறிஸ்துமஸுக்கு வீடு வீடாகக் கேரல் பாடப் போகும்போது, பழைய பாட்டுகளோடு பாடகர் குழுவில் ஒருவர் எழுதிய புதுப் பாட்டு ஒன்றும் இருக்க வேண்டும். முந்தைய ஆண்டு அதை நான் எழுதினேன். திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து, அதிகம் யாரையும் தெரியாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளை, அந்தப் பாட்டுக்குப் பிறகுதான் எல்லோரும் நின்று விசாரித்தார்கள். அடுத்த ஆண்டுப் பாட்டையும் என்னிடமே ஒப்படைத்தார்கள். அலுவலகத்தில் கிடைத்த பதவி உயர்வைவிட எனக்கு அது பெரிது.

என்னைப் பாடகர் குழுவில் சேர்த்துவிட்டது, அதே சபைக்கு வரும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காரும் அக்கா. எங்கள் கம்பெனியில்தான் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை. தாத்தா காலத்திலிருந்தே சிக்கந்தராபாத்; தமிழில் ஊர் உருதுவும் கலக்கும், 'ஹவ்' என்றால் ஆமாம், 'நக்கோ' என்றால் வேண்டாம், 'கைக்கு' என்றால் ஏன். எனக்கு முன்பே ஏறி, கைப்பையை வைத்து இடம் பிடித்திருப்பார். நான் உட்கார்ந்ததும் பேச்சு தொடங்கும்: குழாய்த் தண்ணீர், மாமியார், மகனின் கணக்கு டீச்சர். நான் ஜன்னலைப் பார்த்தபடி "ம்" கொட்டுவேன். இந்தச் சத்தத்துக்கு நடுவிலேயே ஒரு பாட்டு எழுத முடிந்ததென்றால், அமைதி கிடைத்தால் எவ்வளவு எழுதலாம் என்று நினைத்தேன்.

வீடு மாறும் செய்தியைச் சொன்னதும், "ஹவ் மா, நீ போயிடு. இனி என் தொணதொணப்ப யாரு கேக்கறது?" என்று சிரித்தார்.

"தப்பிச்சேன்க்கா," என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். பாதி நிஜமும்கூட.

புது வீட்டில் எல்லாவற்றையும் முறையாகச் செய்தேன். ஜன்னலோரம் மேசை போட்டேன். காலையில் சீக்கிரம் எழுந்தேன். செல்போனை அணைத்தேன். படிக்க வேண்டிய வேத வசனங்களைத் தனித்தாளில் குறித்துவைத்தேன். வரி மட்டும் வரவில்லை. வந்தவையும் வாழ்த்து அட்டையில் அச்சடித்தவை போல இருந்தன. டிசம்பர் பிறந்துவிட்டது.

ஒரு புரோகிராம் ஓடாதபோது, முன்பு ஓடிய ஒன்றைத் திறந்து பார்ப்பது என் வழக்கம். அதேபோல முந்தைய ஆண்டுப் பாட்டை எடுத்து, ஒவ்வொரு வரியும் எங்கிருந்து வந்தது என்று தேடினேன். எல்லோருக்கும் பிடித்தது இந்த வரி: 'வீடு உறங்கினாலும், வருகிறவருக்காக விளக்கு விழித்திருக்கும்.' ஜெபத்தில் கிடைத்தது என்றே நம்பியிருந்தேன். இல்லை. ராமச்சந்திராபுரம் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தன் கணவரைப் பற்றி அக்கா ஒருநாள் டிராஃபிக்கில் சொன்னது அது. "அவரு செகண்ட் ஷிஃப்ட் முடிச்சு வர்றதுக்குள்ள வீடே தூங்கிடும். ஆனா வராண்டா லைட்ட அணைக்கமாட்டேன். கைக்கு தெரியுமா? லைட்டு எரிஞ்சா, நாம முழிச்சிருக்கோம்னு நெனச்சுக்குவாரு, பாவம்." மேய்ப்பர்களின் குளிரைப் பற்றிய வரியும், அக்கா சொன்ன, அவர் தெருப் பால்காரரின் கிழிந்த கம்பளியிலிருந்து வந்ததுதான்.

உந்துதல் என்பது அமைதியில் மேலிருந்து இறங்குவது என்று நினைத்திருந்தேன். அது பக்கத்து இருக்கையிலிருந்து வந்துகொண்டிருந்திருக்கிறது. நான் அதற்கு "ம்" கொட்டியிருக்கிறேன்.

பாட்டுப் பயிற்சிக்கு வெறுங்கையோடு போனேன். அக்காதான் காப்பாற்றினார். "மூஞ்சிய ஏன் தூக்கி வெச்சிருக்க? போன வருஷத்துப் பாட்டயே பாடலாம். அந்த வெளக்கு வரி ஒண்ணு போதும்."

"அது நீங்க சொன்னதுதான்க்கா. அண்ணன் ஷிஃப்ட் முடிச்சு வர்றதப் பத்தி பஸ்ல சொன்னீங்கல்லா."

"நக்கோ மா, கிண்டல் பண்ணாத. நான் என்னிக்கு பாட்டு சொன்னேன்? நீதான் என்னிக்கு கேட்ட? ஜன்னலத்தானே பாத்துட்டு வருவ."

"இப்ப பஸ்ல யார்கிட்ட பேசுறீங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்துல ஒரு புதுப் பொண்ணு. காதுல எப்பவும் ஹெட்போன். நானும் ஒண்ணு வாங்கி மாட்டிக்கிட்டேன்," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். "நீயே தப்பிச்சேன்னியே. அந்தப் புள்ளயாவது நிம்மதியா போகட்டும்."

கீபோர்டு தொடங்கியது. விளக்கு வரி வந்தபோது அவர் கண்ணை மூடிக்கொண்டு பாடினார். என்னால் சேர்ந்து பாட முடியவில்லை.