அரைஞாண் கயிறும் என் வலது மணிக்கட்டும்

கைகளை நீட்டி, திருப்பிக் காட்டிய பிறகுதான் எங்களை உள்ளே விடுவார்கள். மீஞ்சூர்ப் பக்கம் இறால் பதனிடும் கம்பெனி ஒன்றில், தரம் பிரிக்கும் மேசையில் எனக்கு வேலை. ஏற்றுமதிச் சரக்கு என்பதால் தினமும் காலையில் மேற்பார்வை பார்க்கும் அம்மா வாசலில் நின்று ஒவ்வொருவர் கையையும் பார்ப்பார். வெட்டு, சொறி, புண் எது இருந்தாலும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். கார்த்திகை தீபம் கழிந்த திங்கட்கிழமை அவர் என் வலது கையைப் பிடித்தார், விடவில்லை.

"இன்னாம்மா இது, வளையல் தழும்பா?"

கையுறையின் விளிம்பு இறுக்கும் இடத்தில், மணிக்கட்டின் உட்புறம், காசு அளவில் ஒரு சிவந்த வட்டம். ஓரம் மேடிட்டுச் செதில் செதிலாக இருந்தது, நடுப்பகுதி வெளுத்திருந்தது. கையுறை உரசியதாக இருக்கும் என்று நான் நினைத்திருந்தேன். அவர் என்னை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அது படர்தாமரை (தோலின் மேல்படலத்தைத் தின்று வளரும் பூஞ்சைத் தொற்று). இத்தனை அழகான பெயரை இந்த நோய்க்கு வைத்தவர் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

இதைப் படிக்கும் உங்களுக்கும் இடுப்பிலோ தொடையிடுக்கிலோ இப்படி ஒன்று இருக்கலாம். வெளியில் சொல்லக் கூசிக் கதவைச் சாத்திக்கொண்டு சொறிந்துகொண்டிருக்கலாம். காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துத் தருவார்கள். படர்தாமரை என்றால் தள்ளி உட்காரச் சொல்வார்கள், அவ்வளவுதான். யாரும் இதை ஒரு நோயாகவே மதிப்பதில்லை.

எனக்கு எதையும் தேதி போட்டுக் குறித்து வைக்கும் பழக்கம் உண்டு. எங்கள் ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரம் மணல் மூடிய நாள், பூநாரைகள் வந்திறங்கிய நாள், நூலகத்தில் எடுத்த புத்தகத்தை முடித்த நாள் எல்லாம் எங்கள் சமையலறை நாள்காட்டியில் இருக்கும். அதனால் இது எப்போது வீட்டுக்குள் வந்தது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஐப்பசி அடைமழையில், ஏரியிலும் கடலிலும் மீன்பிடிக்கும் என் கணவர் தேசப்பன் இடுப்பைச் சொறிய ஆரம்பித்தார். அவருடைய ஈரத்துணிகளைக் கையால் கசக்கித் துவைத்தவள் நான்.

எங்கள் கோட்டைக்குப்பத்தில் இதற்கு எல்லோரிடமும் மருந்து இருக்கிறது. பூண்டு தேய்க்கச் சொன்னார்கள், ஏரிச் சேற்றைப் பூசச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பிளீச்சிங் பவுடரே கொண்டுவந்தார். தேசப்பனோ எதையும் காதில் வாங்கவில்லை.

"உப்புத் தண்ணில நின்னா எல்லாம் செத்துடும்மே. நாங்க இன்னா குளத்துலயா நிக்கறோம்?"

உப்புத் தண்ணீரில் நின்று நின்றுதான் இடுப்பு ஊறிக் கிடக்கிறது என்று நான் சொன்னால், புத்தகம் படித்த திமிர் என்பார்.

கடைசியில் மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கினோம். கடைக்காரர் தோலைப் பார்க்காமலே எடுத்துக் கொடுத்தார். தடவிய ஓரிரு நாளில் அரிப்பு அடங்கியது, சிவப்பு மறைந்தது. நான் வேலைக்குத் திரும்பினேன். பொங்கலுக்கு முன்பே வட்டம் மறுபடி வந்தது. இம்முறை அது வட்டமாகக்கூட இல்லை. ஒழுங்கில்லாத திட்டாக முழங்கைப் பக்கம் ஏறிக்கொண்டிருந்தது.

மேற்பார்வை அம்மா என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

"பங்குனி வரைக்கும் உன் எடத்த நான் பாத்துக்கறேன். சுத்தமா போன அப்பறம் வா. திரும்ப ஒருவாட்டி இதே கையோட வந்தா, என் கைல ஒண்ணும் இல்ல, சொல்லிட்டேன்."

அந்த மேசையில் இடம் பிடிக்க நான் எத்தனை காலம் ஐஸ் அறையில் நின்றேன் என்று அவருக்கும் தெரியும்.

பொன்னேரியில் தோல் மருத்துவர் ஒருவரைப் பார்த்தேன். அவர் திட்டின் ஓரத்தை மெல்லச் சுரண்டிக் கே.ஓ.ஹெச். சோதனை (தோல் துகளைக் காரக் கரைசலில் ஊறவைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது) செய்தார். பிறகு நான் கொண்டுபோன களிம்பின் மேலுறையைப் படித்துவிட்டு மேசையில் போட்டார்.

"இதுல ஸ்டீராய்டு இருக்கும்மா. அரிப்ப அடக்கும், பூஞ்சையக் கொல்லாது. அது பாட்டுக்கு உள்ள வளரும். இனி இதத் தொடாதீங்க."

ஸ்டீராய்டு (அழற்சியையும் தோலின் எதிர்ப்பையும் சேர்த்தே அடக்கும் மருந்து) என்ற சொல் உங்கள் களிம்பின் உறையிலும் பெரும்பாலும் இருக்காது. மருந்தின் தனிப் பெயர்தான் பொடி எழுத்தில் இருக்கும். மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

சர்க்கரைக்கும், மாத்திரை சிலருக்கு ஈரலைத் தொந்தரவு செய்யும் என்பதால் அதற்கும் ரத்தப் பரிசோதனை செய்தார். பிறகு மாத்திரையும் வேறு களிம்பும் கொடுத்தார். திட்டின் மேல் மட்டுமல்லாமல் அதைத் தாண்டி இரண்டு விரல் அகலத்துக்குத் தடவச் சொன்னார். ஆளுக்கொரு துண்டு வைத்துக்கொள்ள வேண்டும். நோய் உள்ளவரின் துணியைத் தனியாக வெந்நீரில் அலசி, உள்பக்கத்தைத் திருப்பி வெயிலில் காயப்போட வேண்டும். கையுறை போடும் முன் கை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். தடம் மறைந்ததும் மருந்தை நிறுத்திவிடக் கூடாது. அவர் நிறுத்தச் சொல்லும்வரை தொடர வேண்டும். வீட்டில் யாருக்கெல்லாம் இருக்கிறதோ அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் நடக்க வேண்டும்.

எல்லாவற்றையும் செய்தேன். கடைசியொன்று மட்டும் என் கையில் இல்லை. தேசப்பன் வரவில்லை. மருத்துவர் எனக்குக் கொடுத்த மாத்திரையில் பாதியைத் தான் விழுங்கிக்கொள்வதாகச் சொன்னார்! மாசி பிறந்தபோது என் மணிக்கட்டில் மீண்டும் ஒரு சிவந்த வளைவு தெரிந்தது. அன்று நான் சமைக்கவில்லை. அவருடைய சட்டையை எடுத்துக் கையில் கொடுத்துப் பேருந்து நிறுத்தத்துக்கு அழைத்துப் போனேன்.

மருத்துவர் அவரைத் திரைக்குப் பின்னால் படுக்கவைத்துப் பார்த்தார். நான் இந்தப் பக்கம் நின்றேன்.

"துணிய மாத்தறீங்க, வெயில்ல போடறீங்க. இந்தக் கயித்த எப்ப காயப் போட்டீங்க?"

நான் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனேன்.

இடுப்பைச் சுற்றி நோய் போட்டிருந்த பட்டை அரைஞாண் கயிறு ஓடிய தடத்திலேயே ஓடியிருந்தது. கறுப்புக் கயிறு, அதில் ஒரு தாயத்து. ஏரியில் நனைந்து, கடலில் நனைந்து, வியர்வையில் ஊறி, ஒருநாளும் முழுதாக உலராத கயிறு. நான் துணிகளைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தபோது அது அவர் இடுப்பிலேயே இருந்தது. போன தீபாவளிக்குப் புதுக் கயிறு மாற்றினோமே என்றேன். மாற்றியது உண்மைதான். ஆனால் எங்கள் பக்கம் ஆண்பிள்ளை இடுப்பு ஒரு நொடிகூட வெறுமையாக இருக்கக் கூடாது. புதியதைக் கட்டிய பிறகுதான் பழையதை அறுப்பார்கள். தாயத்தை அப்படியே புதியதில் கோத்துவிடுவார்கள். பழையது தன்னிடம் இருந்ததைப் புதியதிடம் கொடுத்துவிட்டுத்தான் போயிருக்கும்.

"தோல் ஆறற வரைக்கும் இடுப்புல ஒண்ணும் வேணாம். அப்பறம் புதுசு கட்டிக்கோங்க, அடிக்கடி மாத்துங்க" என்றார் மருத்துவர்.

சுலபமாகச் சொல்லிவிட்டார். தேசப்பனைப் பெற்ற அத்தை வீட்டில் இருக்கிறாரே.

"அரைஞாண எப்ப அறுப்பாங்கன்னு தெரியுமா உனுக்கு? பொணத்துக்குத்தாம்மே அறுப்பாங்க!"

"அத்த, பூஞ்சக்காளான் அதுலதான் குடியிருக்குது. டாக்டரே சொல்லிட்டாங்க."

"டாக்டரு பையன் கடலுக்கா போறான்?"

எனக்குக் கோபம் வந்தது. மூட நம்பிக்கை, அது இது என்று படித்ததையெல்லாம் கொட்டினேன். அத்தை பதிலுக்குக் கத்தவில்லை. முந்தானையை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"உங்க மாமனார முகத்துவாரத்துல தூக்கனப்ப மொகம் இல்லம்மே. மீனு வுட்டு வெக்கல. கயித்த வெச்சிதான் இவருதான்னு சொன்னேன். நான் முடிஞ்ச முடிச்சி."

தேசப்பன் நிலைமையைச் சரிசெய்கிறேன் என்று வாயைத் திறந்தார். "நைனாவுக்குப் பச்ச குத்தலம்மா. எனுக்குத்தான் கைல இவ பேரு கீதே."

"கையத் தின்னா இன்னாடா பண்ணுவே?"

தேசப்பன் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார். 

மறுநாள் காலை அத்தை ஒரு நிபந்தனையோடு வந்தார். கயிற்றை அவிழ்க்கலாம், ஆனால் கயிறு இல்லாமல் கடலுக்குப் போகக் கூடாது, ஏரியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் கடலில் படகுக்குள் நிற்பார்கள். ஏரியில் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நிற்பார்கள். ஆறவேண்டிய இடுப்பை நாள் முழுக்க ஊறவைக்கும் வைத்தியம் அது! நான் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டேன். கடலும் வேண்டாம், ஏரியும் வேண்டாம், ஆறும்வரை கரையில் உட்காரட்டும் என்று கடைசியில் முடிவானது. அத்தையே கயிற்றை அவிழ்த்தார். அறுக்கவில்லை, அவிழ்த்தார். தாயத்தை எடுத்துச் சாமி படத்தடியில் வைத்துவிட்டுக் கயிற்றை அடுப்பில் போட்டார்.

சம்பாதிக்கிற இருவரும் வீட்டில் உட்கார்ந்து தங்கள் தோலைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி இருக்கும் என்று சொல்லித் தெரியவைக்க முடியாது. தேசப்பன் பிய்ந்த வலை பிய்யாத வலை எல்லாவற்றையும் பழுது பார்த்தார். "இன்னாமே, உன்து போச்சா?" "உங்க்து?" என்பதே எங்கள் காலைப் பேச்சாக இருந்தது. அரிப்பு நின்றதும் மாத்திரையை நிறுத்தப் பார்த்தார். அத்தைதான் தண்ணீர்ச் சொம்போடு எதிரில் நின்று விழுங்கவைத்தார். சீக்கிரம் ஆறினால் சீக்கிரம் கயிறு ஏறும் என்ற கணக்கு அவருக்கு.

பங்குனியில் மருத்துவர் மீண்டும் சுரண்டிப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார். மேற்பார்வை அம்மா என் கையை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போ உள்ள" என்றார். என் மேசையில் என் இடம் இருந்தது.

அன்று மாலை நாள்காட்டியில் குறிக்கப் பேனாவை எடுத்தேன். எதைக் குறிப்பது? வந்த நாள் தெரியும். போன நாள் தெரியவில்லை. தோல் அடியிலிருந்து மெல்ல வளர்ந்து, கெட்டதை மேலே தள்ளி, ஒருநாள் உதிர்த்திருக்கிறது. அதைச் செய்யும்போது எனக்குச் சொல்லவில்லை. என் தேதிகளுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இத்தனை காலம் என் உடம்பு என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது தன் வழியில் தானாக நடந்துகொண்டிருந்திருக்கிறது.

தேசப்பனின் இடுப்பில் புதுக் கயிறு ஏறியிருக்கிறது. ஒவ்வொரு அமாவாசைக்கும் அத்தை அதை மாற்றுகிறார். முதலில் பழையதை அவிழ்த்து, இடுப்பைத் துடைத்து உலரவிட்டு, பிறகுதான் புதியதைக் கட்டுகிறார். தாயத்து சாமி படத்தடியிலேயே இருக்கிறது. கயிற்றுக்கு அடியில் ஒரு கறுத்த வளையம் மிஞ்சியிருக்கிறது. அழற்சி விட்டுப்போன நிறம், மங்கப் பல மாதங்கள் ஆகலாம், சிலருக்கு அப்படியே தங்கியும் விடலாம் என்றார் மருத்துவர். அது மங்குகிறதா என்று நான் பார்க்கிறேன். அத்தையும் பார்க்கிறார்.

போன அமாவாசையன்று கயிறு இல்லாத அந்தச் சில நிமிடங்களில், அத்தை தன் மகனின் இடுப்பில் அந்த வளையத்தின் மேல் விரலை ஓட்டினார்.

"இது இருக்கட்டும்டா" என்றார். "இத தண்ணி அவுக்காது."